கேள்வி – பதில்: திரட்டி கட்டும் இரவுகள்

சென்ற இதழில், ஒன்பது பேருக்காக நான் நடத்திவரும் திரட்டியை (பல தளங்களில் வரும் பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்க்கும் நிரலை)ப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் இரவு பதினொரு மணிக்கு மேல் இதே வேலையை ரகசியமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

நான் பின்தொடர்கிறவர்கள் ட்விட்டர், இன்ஸ்டாகிராம், ரெடிட், யூடியூப் என்று எங்கே எழுதினாலும் ஒரே பக்கத்தில் வந்து சேர வேண்டும். ஓய்வு நேரத்தில் இப்படி ஒன்றைச் செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்?
— பகலில் கணக்கு மென்பொருள் எழுதும் வாசகர்

கதவு திறந்திருக்கும் வீட்டில் தொடங்குங்கள். ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிய பதிவுகளை நிரல்கள் படிக்கும் வடிவில் அடுக்கித் தரும் கோப்பு, தருகிற தளங்கள்தான் முதலில். 1999இல் பிறந்த சங்கதி என்று முகம் சுளிக்காதீர்கள். அது சாவி கேட்காது, விண்ணப்பப் படிவம் கேட்காது. யூடியூப் ஒவ்வொரு சேனலுக்கும் கடைசி 15 காணொளிகள் அடங்கிய ஓடையைத் தருகிறது. ட்விட்டர் போன்ற சமூகத்தளமான மாஸ்டடானில், ஒரு கணக்கின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்தும் சேர்த்தால் ஓடை வந்துவிடும். வலைப்பதிவுகளைச் சொல்லவே வேண்டாம். தமிழ் வலைப்பதிவுகளைத் தொகுத்த தமிழ்மணம், தேன்கூடு தளங்களின் காலத்தில் ‘திரட்டி’ என்ற சொல் நம்மிடையே புழங்கியதே அந்த ஓடைகளின் புண்ணியத்தில்தான்.

நீங்கள் முதலில் குறிப்பிட்ட வீடுகளின் வாசலில் காவல் பலமாக இருக்கிறது. வெளி நிரல்கள் பதிவுகளை எடுக்க ட்விட்டர் தந்துவந்த பழைய இலவச வசதியை அது 2023இல் நிறுத்தியது. இன்ஸ்டாகிராம், தனிநபர் கணக்கில் உள்ளதைப் படிக்க உதவிய இடைமுகத்தை 2024 டிசம்பர் 4 அன்று மூடியது. ரெடிட்டுக்காக எழுதப்பட்ட அப்போலோ என்ற செயலியை ஏராளமானோர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2023இல் வெளிச் செயலிகளுக்கு ரெடிட் புதிய கட்டணம் அறிவித்தபோது, ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று அதை எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜூன் 30 அன்று செயலியை மூடிவிட்டார். வாடகை வீட்டில் மாடி கட்டினால் இதுதான் நடக்கும். அந்தத் தளங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிச் செருகலாக எழுதுங்கள். ஒன்று செத்தால் மற்றது பிழைக்க வேண்டும்.

140 ஓடைகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். சில தளங்கள் 429 என்ற பிழையைத் திருப்பி அனுப்புகின்றன. எப்படித் தப்பிப்பது?
— ஒரு கல்லூரி மாணவி

தப்பிக்கக் கூடாது அம்மா, கேட்டு நடக்க வேண்டும். 429 என்றால் ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று பொருள். நானும் உங்களைப் போலவே தொடங்கினேன். மூன்றாவது வாரம், தனியாளாக ஒரு வலைப்பதிவு நடத்துகிறவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “உங்கள் நிரல் என் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 288 முறை வருகிறது. நான் எழுதுவது மாதத்துக்கு இரண்டு பதிவு.” அவ்வளவுதான் கடிதம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்றிரவே மாற்றினேன். பல தளங்கள் ஓடையைக் கொடுக்கும்போது ஈடேக் என்ற அடையாளச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கின்றன. அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை கேட்கும்போது திருப்பிக் காட்டினால், எதுவும் மாறாதபோது வெறும் 304 என்ற பதில் மட்டும் வரும், உள்ளடக்கம் வராது. இருவருக்கும் மிச்சம். 429 வந்தால் அதனுடன் ‘இத்தனை நொடி கழித்து வா’ என்ற தலைப்பு வரியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு நிமிடம் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒரு வாரம் சத்தமில்லாத ஓடையை நான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் தட்டுகிறேன், மற்றவற்றை அரை மணிக்கு ஒருமுறை. 140ஐயும் ஒரே நிமிடத்தில் ஏவாமல் முன்பின்னாகச் சிதறவிடுங்கள்.

ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது. தலைப்பை ஒப்பிட்டு நீக்க நிரல் எழுதினேன், ஆங்கிலத்தில் சரியாக வேலை செய்கிறது, தமிழில் காலை வாருகிறது. தேடலும் அப்படித்தான்: ‘பாடம்’ என்று தேடினால் ‘பீடம்’ வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது.
— பெயர் வேண்டாம் என்றவர்

கை கொடுங்கள்! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இணைப்பு முகவரியை முதலில் முடித்துவிடுவோம். யார் எங்கிருந்து சொடுக்கினார்கள் என்று அறிவதற்காக யூடிஎம், எஃப்பிகிளிட் என்று வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறவற்றை வெட்டிவிட்டு ஒப்பிட்டாலே பாதி இரட்டைகள் ஒழியும். மீதிப் பாதியில்தான் தமிழ் இருக்கிறது.

என் திரட்டியில் ஒரு நாள் ‘கொடி’ என்று தொடங்கும் தலைப்பு இரண்டு முறை வந்தது. திரையில் அச்சு அசலாக ஒன்று. காகிதத்தில் அச்செடுத்து விளக்கின்மேல் ஒட்டிப் பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை. கடைசியில் குறியீடுகளை எண்ணினேன். ஒன்றில் நான்கு, மற்றதில் ஐந்து. ஒருவர் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இட்டிருக்கிறார். மற்றவரின் விசைப்பலகை ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் தரநிலையான யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. நம் நிரலுக்குத்தான் அது தெரியாது. உள்ளே வரும் எல்லா உரையையும், இப்படிச் சமமானவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற சீராக்கத்தில் போட்டு எடுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

தீராதது ஔகாரம். ‘கௌரி’ என்பதில் வருவது ஔகாரக் குறி. ஆனால் பலர் கொம்புக்குப் பின்னால் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், யூனிகோடுக்கு வேறு வேறு. சீராக்கம் இதைத் தொடாது. சரி, நாமே மாற்றுவோம் என்று, கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கும் ஒரு வரியை எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் ‘வெள்ளம்’ உருக்குலைந்து கிடக்கிறது. ‘கெளுத்தி’ மீன் எலும்புக்கூடாகிவிட்டது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் கைவைக்காதே என்று ஒரு நிபந்தனை சேர்த்த பிறகுதான் மீன் மீண்டது.

இனித் தேடல். நீங்கள் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதன் எஃப்டிஎஸ்5 பகுதியில் இயல்பாக இருக்கும் சொல்பிரிப்பான், எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக மதிக்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதன் கணக்கில் ‘குறி’கள், கண்ட இடத்தில் சொல்லை வெட்டிவிடும். ‘பாடம்’ என்பது அதற்கு ‘ப’, ‘டம’ என்ற இரண்டு துண்டு. ‘பீடம்’ என்பதும் அதே இரண்டு துண்டு. உங்களுக்குப் பைத்தியம் இல்லை. அட்டவணையை உருவாக்கும்போதே, குறிகளையும் சொல்லில் சேர்த்துக்கொள் என்று வகைப் பட்டியலில் குறிப்பிடும் வசதி இருக்கிறது. அதைச் செய்து அட்டவணையை மறுபடி நிரப்புங்கள்.

அதன் பிறகும் ‘மரம்’ தேடினால் ‘மரத்தில்’ வராது. ‘பள்ளி’க்குப் பின்னால் ‘இப்படித் தொடங்கும் எல்லாம்’ என்று பொருள்படும் உடுக்குறி (*) போட்டால் ‘பள்ளியில்’ வந்துவிடும். மகர ஈற்றுச் சொற்கள்தான் உருமாறித் தொல்லை தரும். நான் ‘ம்’ முடிவை ‘த்த’ ஆக்கி இரண்டாவது முறை தேடவைத்திருக்கிறேன். இலக்கணப் புலவர்கள் பார்த்தால் அடிப்பார்கள். வேலை நடக்கிறது.

எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்பதற்கு நல்ல சூத்திரம் சொல்லுங்கள். ஹேக்கர் நியூஸ் முறை எனக்குப் பொருந்துமா?
— அதே கல்லூரி மாணவி

ஹேக்கர் நியூஸ், வாசகர்கள் வாக்களித்துச் செய்திகளை மேலேற்றும் தளம். அங்கே பரவலாக அறியப்பட்ட சூத்திரம் இது: வாக்குகளில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதை மணிக்கணக்கில் எடுத்து இரண்டு கூட்டி, 1.8 அடுக்குக்கு உயர்த்தி, அதால் வகுப்பது. ஒரே இடத்தில் எல்லோரும் வாக்களித்தால் அழகாக வேலை செய்யும். உங்களிடம் இருப்பது யூடியூப் விருப்பக்குறி ஆயிரமும் மாஸ்டடான் விருப்பக்குறி மூன்றும். இவற்றை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

நான் விருப்பக்குறிகளை எடுப்பதே இல்லை. கடந்த 30 நாளில் குறைவாக எழுதியவர் மேலே, அதிகம் எழுதியவர் கீழே. அவ்வளவுதான் சூத்திரம். ஒரு நாளைக்கு நாற்பது பதிவு போடும் செய்தித்தளம் தானாக அடியில் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய் திறக்கும் பழைய நண்பர் முதல் வரியில் வந்து உட்காருவார்.

எட்டு மாதமாக எழுதுகிறேன். இன்னும் வெளியிடவில்லை. இருண்ட வண்ணத் தோற்றம் மட்டும் பாக்கி.
— ‘விரைவில்’

தினமும் காலையில் நீங்கள் எதில் படிக்கிறீர்கள், உங்கள் திரட்டியிலா, பழைய செயலிகளிலா? இரண்டாவது என்றால் பாக்கி இருப்பது வண்ணம் அல்ல.

திரட்டியில் இருந்தே தீர வேண்டிய வசதி ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— அஞ்சலட்டையில் கேட்ட ஒரே வாசகர்

வெளியேறும் வழி. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டவர்கள் மறுநாளே வேறு இடத்தில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கோப்பைத் தருகிற பொத்தானை முதல் வாரத்திலேயே வையுங்கள்.

வைத்தபின் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். என்னுடையது ஓராண்டாக உள்ளே எதுவுமில்லாத கோப்பைத்தான் தந்துகொண்டிருந்தது. என் ஒன்பது பேரில் ஒருவர் விலகிப் போக முயன்ற அன்றுதான் அது தெரிந்தது. போக முடியாததால் அவர் இன்னும் இருக்கிறார். பொத்தானை இந்த வாரம் சரிசெய்துவிட்டேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.