விழுந்தவருக்குத் தங்கமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

பனியில் வழுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு 2014 சோச்சி ஒலிம்பிக் ஆண்கள் இறுதியைத் தேடிப் பார்த்தேன். ஜப்பானின் யூசுரு ஹன்யூ இரண்டு தரம் விழுகிறார். கனடாவின் பட்ரிக் சான் விழவே இல்லை. ஆனால் தங்கம் ஹன்யூவுக்கு! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நடுவர்கள் கள்ளர், பதக்கம் வாங்கிய இவனும் வெட்கப்பட வேண்டும்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டு வந்தேன். இன்னொரு போட்டியில் எனக்குப் பிடித்த வீரருக்குச் சுற்றுக் குறைவு என்று புள்ளி வெட்டினார்கள். போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், முழுச் சுற்றுத்தான். விழுந்தவருக்குப் பதக்கம் இல்லை என்று ஒரு விதி வைத்தால் என்ன? ரசிகர்கள் பனியில் பொம்மை எறிவதை ஏன் தடுக்கிறார்கள் இல்லை? மட்டக்களப்பு வெயிலுக்குள் இருந்துகொண்டு உனக்கெதுக்கு ஐஸ் என்று மச்சான் சிரிக்கிறான்.

ர., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மச்சானுக்கு. வடமோடிக் கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருக்கிற சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஆடத் தெரியாது. ஆனால் நடுச்சாமத்தில் வருகிற ராசாவின் கால் மத்தளத்துக்கு ஒரு சொட்டுப் பிந்தினாலும் அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது. ஸ்கேட்டிங்கும் அப்படித்தான் பிடிபடும், அதற்கு ஊரில் பனி உறைய வேண்டியதில்லை. நீங்கள் பாருங்கள், பேசுங்கள், யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள்.

பொம்மை பெரிய விசயம் இல்லை. எறிய விடுகிற போட்டிகளில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எறிந்தால் போதும். உறையில்லாமல் எறிந்தால் இழையும் பூவிதழும் பனியில் ஒட்டும், அடுத்து வருகிறவரின் பிளேடு அதில் மாட்டும். பொறுக்குவதற்குச் சிறுவர்கள் நிற்கிறார்கள்.

இனிச் சோச்சி. பதக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டு ஆட்டத்தின் கூட்டுத்தொகை: முதலில் ஷோர்ட் புரோகிராம் என்ற சின்ன ஆட்டம், பிறகு ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டம். நீங்கள் பார்த்தது ஃப்ரீ ஸ்கேட்டை மட்டும். முதல்நாள் ஷோர்ட் புரோகிராமில் ஹன்யூ 101.45, சான் 97.52. அங்கேயே 3.93 புள்ளி முன்னுக்கு நின்றார். ஃப்ரீயில் ஹன்யூ 178.64, சான் 178.10. இரண்டு வீழ்ச்சியோடும் அதையும் அவரே 0.54 ஆல் வென்றார். சான் விழவில்லை என்பது சரி. ஆனால் இரண்டாவது குவாட்டில், அதாவது காற்றில் நாலு சுற்றுச் சுற்றும் தாவலில், கை பனியில் பட்டது, ட்ரிப்பிள் ஆக்ஸல் என்ற இன்னொரு தாவலும் குழம்பியது. "விழவில்லை" என்பதும் "பிழையில்லாமல் ஆடினார்" என்பதும் வேறு வேறு. பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்பது நடுவர்களைக் கள்ளர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

விழுந்தும் எப்படி அவ்வளவு புள்ளி என்றால், அது நடுவர்களின் கையில் இருக்கவில்லை, ஒவ்வொரு தாவலுக்கும் இத்தனை புள்ளி என்று முன்பே குறித்து வைத்த அட்டவணையில் இருந்தது. ஹன்யூ விழுந்த தாவல்களில் ஒன்று சால்கோ வகைக் குவாட். அப்போது குவாட் சால்கோவின் அடிப்படைப் புள்ளி 10.5. தாவலை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று பார்த்து அதில் நடுவர் கூட்டுவதும் கழிப்பதும்தான் தரம். விழுந்தால் நடுவர் போடக்கூடிய மிகக் குறைந்த தரம் -3. அது போக 7.5. வீழ்ச்சிக் கழிவு 1 போக மீதி 6.5. அதே ஆள் மூன்று சுற்று மட்டும் சுற்றும் ட்ரிப்பிள் சால்கோவை நன்றாக இறக்கினால் அடிப்படை வெறும் 4.2. குவாட்டில் விழுவது ட்ரிப்பிளில் நிற்பதைவிட இலாபம்! இந்தக் கணக்கு இருக்கும்வரை எந்தப் பயிற்சியாளரும் "விழுந்தாலும் பரவாயில்லை, சுற்று" என்றுதான் சொல்வார்.

அட்டவணை அப்படி வந்ததில் ரசிகர் சத்தத்துக்கும் பங்குண்டு. 2010 வான்கூவரில் குவாட்டே செய்யாத அமெரிக்கர் எவான் லைசாசெக் 257.67 எடுத்தார், குவாட் செய்த ரஷ்யரான புளூஷென்கோ 256.36. ஃப்ரீயில் இருவருக்கும் கொம்போனன்ட் புள்ளி, அதாவது ஆட்டத்தின் அழகுக்கும் திறனுக்கும் போடுவது, 82.80, ஒரு தசமம் கூட வித்தியாசமில்லை. வித்தியாசம் முழுவதும் தொழில்நுட்பப் புள்ளியில்தான். ஆட்டத்தின் பின்பாதியில் தாவினால் அப்போது 10 சதவீதம் கூடக் கிடைத்தது, அதை லைசாசெக் நன்றாகப் பயன்படுத்தினார். குவாட் இல்லாதவனுக்குத் தங்கமா என்று அன்றைக்கு எல்லாரும் கத்தினார்கள். குவாட்டின் பெறுமதி கூடியது. நாலு வருடம் கழித்து, விழுந்தவனுக்குத் தங்கமா என்று கத்தினார்கள்.

2018-19 பருவத்தில் அதைத் திருத்திவிட்டார்கள். இப்போது குவாட் சால்கோ 9.7. தரம் -5 முதல் +5 வரை, ஒவ்வொரு படியும் அடிப்படைப் புள்ளியின் 10 சதவீதம். விழுந்தால் -5, அதாவது பாதி போகும்: 4.85. கழிவு 1 போக 3.85. ட்ரிப்பிள் சால்கோ 4.3. இனி விழுந்த குவாட் நின்ற ட்ரிப்பிளுக்குக் கீழேதான். நீங்கள் கேட்கிற விதிக்கு இனி வேலை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை இருத்தி எழுத வைத்தது "போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்" என்ற வரி. இந்த ஒன்றில்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதிகம் ஏசுகிறார்கள்.

குவாட் ஒன்று காற்றில் நிற்பது சுமார் 0.7 செக்கன். நாலு சுற்று என்றால் 1440 பாகை. சராசரியாக ஒரு செக்கனுக்கு 2000 பாகைக்கு மேல். உங்கள் வீடியோ செக்கனுக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஏறக்குறைய 68 பாகை சுழன்றுவிடும். இறங்கும்போது கையைத் திறப்பதால் வேகம் குறையும். பாதியாகக் குறைந்தாலும் 34 பாகை. குறைவுக்கு வரம்பு கால் சுற்று, அதாவது 90 பாகை. பிளேடு பனியைத் தொட்ட கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்திருந்தால், நீங்கள் நிறுத்திய படத்தில் கால் ஏற்கெனவே பனியில் திரும்பி முடிந்திருக்கும். அதைத்தான் "முழுச் சுற்று" என்று வட்டம் போட்டுப் பகிர்கிறார்கள்.

பார்க்கத்தான் வேண்டுமென்றால் இப்படிப் பாருங்கள். பிளேட்டின் முன் பல் பனியில் முதலில் படுகிற படத்தைப் பிடியுங்கள். பனித்தூள் கிளம்பிய படம் பிந்தியது, அதற்கு முந்தியது வேண்டும். பிறகு ஆள் எந்தத் திசையில் வழுக்கிப் போகிறார் என்று பாருங்கள். ஆறு வகைத் தாவலும் பின்னோக்கி, பிளேட்டின் வெளி விளிம்பில்தான் இறங்கவேண்டும். பிளேடு போகிற திசையோடு நேராகக் கிடந்து குதி முன்னே போனால் சுற்று முழுமை. குறுக்கே நின்றால் கால் சுற்றுக் குறைவு. பெருவிரல் முன்னே போனால் அரைச் சுற்றுப் போய்விட்டது. கமெரா ஆளின் பாதைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஆள் கமெராவை நோக்கியோ அதிலிருந்து விலகியோ போகும்போது பிளேட்டின் கோணத்தை ஓரளவு நம்பலாம். சரிவாகக் குறுக்கே போகும்போது நம்பாதீர்கள். எழும்பும்போது பனியிலேயே கொஞ்சம் திரும்புவது எல்லாரிடமும் உண்டு, அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

குறைவு என்று முடிவு செய்வது புள்ளி போடும் ஒன்பது பேர் இல்லை, மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு. சரியாகக் கால் சுற்றுக் குறைந்தால் புள்ளித்தாளில் q என்ற சின்ன எழுத்து விழும்: அடிப்படைப் புள்ளி அப்படியே, தரம் மட்டும் இறங்கும். கால் சுற்றைத் தாண்டினால் ஒரு அம்புக்குறி: அடிப்படையில் 80 சதவீதம்தான். அரைச் சுற்றோ கூடவோ என்றால் இரண்டு அம்புக்குறி: குவாட் ட்ரிப்பிளாக எண்ணப்படும். லுட்ஸ் வகைக் குவாட் 11.5 என்றால் ஒரு அம்பில் 9.2 ஆகும், இரண்டு அம்பில் ஒரேயடியாக 5.9. இரண்டு அம்புக்குறியோடு விழுந்தும்விட்டால் மிஞ்சுவது 1.95. ஐயம் வந்தால் ஸ்கேட்டருக்குச் சாதகமாகத் தீர்க்கச் சொல்கிறது அவர்களின் கைநூல். உங்கள் வீரருக்கு எத்தனை குறி விழுந்தது என்று நீங்கள் எழுதவில்லை. புள்ளித்தாளைத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். போட்டி முடிந்ததும் அது பீடிஎஃப்பாக வந்துவிடும், காசும் இல்லை. தாளைத் திறக்காமல் ஏசக்கூடாது, தங்கச்சி. இதில் நான் விட்டுத்தரமாட்டேன்.

ஏசத்தான் இடம் வேண்டுமென்றால் தாளின் அடியில், முன்னே சொன்ன கொம்போனன்ட் புள்ளியில், மூன்று வரி இருக்கிறது: கோர்வை, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். 2021-22 வரை ஐந்தாக இருந்தது. ஆண்கள் ஃப்ரீயில் ஒவ்வொன்றையும் 3.33 ஆல் பெருக்குவார்கள். பெயர் பெற்றவருக்கு மூன்றிலும் 9.5, பெயர் தெரியாத பொடியனுக்கு மூன்றிலும் 8.5 என்றால் வித்தியாசம் 9.99. ஒரு குவாட் சால்கோவின் அடிப்படையைவிடக் கூட! சுற்றுக் குறைவுக்கு வீடியோவில் சாட்சி இருக்கிறது. இந்த ஒரு புள்ளிக்கு என்ன சாட்சி? கடைசிக் குழுவில் ஆடுகிறவருக்குக் கூடவும் முதல் குழுவில் ஆடுகிறவருக்குக் குறையவும் விழுகிற பழக்கம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒன்பது பேரில் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள், அதனால் தனி ஒருவரின் ஓரவஞ்சனை பெரும்பாலும் வெட்டுப்படும். ஒன்பது பேருமே பெயருக்கு மயங்கினால் எதை வெட்டுவது?

ஓரவஞ்சனை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 பியோங்சாங்கில் தன் நாட்டு வீரருக்குச் சாய்ந்த சீன நடுவர் ஒருவரை ஆண்கள் போட்டிப் புள்ளிகளை வைத்தே பிடித்து, இரண்டு வருடம் தடை செய்து, 2022 பீஜிங் ஒலிம்பிக்கிலிருந்தும் விலக்கினார்கள். எந்த நடுவர் என்ன போட்டார் என்பதை 2016-17 முதல் பெயரோடு வெளியிடுகிறார்கள். அதற்கு முன் சில வருடங்கள் மறைத்து வைத்திருந்தார்கள். இப்போது நிரல் நிரலாக எவரும் பார்க்கலாம். உங்களுக்கு ஐயமான போட்டியின் தாளை எடுத்து, ஒரு நடுவரின் நிரலில் அவருடைய நாட்டு வீரருக்கும் மற்றவர்களுக்கும் விழுந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாரும் 8.75 போட்ட இடத்தில் அவர் மட்டும் 9.5 போட்டிருந்தால், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பப் போட்டிருந்தால், எழுதுங்கள். நானும் கூட நின்று எழுதுகிறேன்.

மற்றது, ஹன்யூவுக்குக் கீழே எழுதியது. அவர் தனக்குத் தானே புள்ளி போடவில்லை. பத்தொன்பது வயதில், முதல் குவாட்டிலேயே விழுந்து எழும்பி, மிச்சம் நாலு நிமிடத்தையும் விடாமல் ஆடி முடித்த பிள்ளை அது. அதை அழித்துவிடுங்கள். நடுவர்களைப் பற்றி எழுதியதையும் சேர்த்து.