ரௌட்டரில் முன்னுரிமை: வாசகர் கேள்விகள்

க்யூஓஎஸ் (டேட்டாவுக்கு முன்னுரிமை தரும் ரௌட்டர் வசதி) போட்ட பிறகும் ஸ்பீடு கூடவில்லையே? (வேளச்சேரி)

கூடாது. லைன் நிரம்பும்போது யார் முதலில் போவது என்பதை மட்டும்தான் அது முடிவு செய்யும். லைன் காலியாக இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

கேம் லேக் ஆகிறது. என்ன செட்டிங் வைக்கலாம்? (தாம்பரம்)

எந்த ரௌட்டர், எவ்வளவு ஸ்பீடு, கேபிளா வைஃபையா, எதுவுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு செய்யும்போது மட்டும் பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லி செகண்டிலிருந்து 300-க்கு ஏறுகிறதா? அது பஃபர்ப்ளோட், அதாவது டேட்டா நீண்ட வரிசையில் காத்துக் கிடப்பது. ரௌட்டரில் எஸ்க்யூஎம் (அந்த வரிசையைக் குட்டையாக வைக்கும் வசதி) இருந்தால் அதில் 'கேக்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீடு கட்டத்தில் பிளானில் சொன்ன எண்ணைப் போடாதீர்கள். கேபிளில் செருகி அளந்து, அதில் 90 சதவீதம் போடுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரௌட்டரில் நிற்கும், இல்லையென்றால் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கும்.

15 பேர் அலுவலகம். ஐபி போன், டேலி சர்வர், சிசிடிவி, முதலாளி லேப்டாப் எல்லாவற்றையும் 'ஹையஸ்ட்'டில் வைத்தும் போனில் குரல் வெட்டி வெட்டி வருகிறது. (அம்பத்தூர்)

எத்தனை முறை எழுதுவது! எல்லாமே ஹையஸ்ட் என்றால் எதற்குமே முன்னுரிமை இல்லை, க்யூஓஎஸ்ஸை அணைத்து வைத்ததும் இதுவும் ஒன்றுதான். கணக்கைப் பாருங்கள்: ஜி.711 (ஐபி போன்களில் குரலை டேட்டாவாக்கும் முறை) அழைப்பு ஒன்றுக்கு ஒரு திசையில் சுமார் 90 கேபிபிஎஸ், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். கேமராவோ, கிளவுடுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்றே 2, 3 எம்பிபிஎஸ் தின்னும், அதையும் போனோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் குரல் எப்படித் தப்பிக்கும்? மேல் வரிசையில் குரல் மட்டும் இருக்கட்டும், டிஎஸ்சிபி (டேட்டா பாக்கெட்டில் குத்தும் முன்னுரிமை முத்திரை) 46. டேலி நடுவில். சிசிடிவியும் பேக்கப்பும் கடைசியில். முதலாளி லேப்டாப்புக்குத் தனிச் சலுகை வேண்டாம், அவர் மனம் கோணினாலும் பரவாயில்லை. கருவிக்கு முன்னுரிமை கொடுத்தால் அதில் பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட்டும் சேர்ந்து மேலே ஏறிக்கொள்ளும், அதனால் எப்போதும் டிராஃபிக்கைப் பார்த்துக் கொடுங்கள். மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் மாற்றக்கூடிய சுவிட்ச்) என்றால் போன் போர்ட்டுகளில் டிஎஸ்சிபி டிரஸ்ட், அதாவது முத்திரையை அப்படியே ஏற்கும் செட்டிங், இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் போன் போட்ட முத்திரையைச் சுவிட்ச் அழித்துவிடலாம். அப்புறம் இங்கேயும் அதேதான்: அளந்து 90 சதவீதம்.

டீம்ஸுக்கு எந்தப் போர்ட் எண்? (பெருங்குடி)

கணினிப் பக்கத்தில் ஆடியோ 50000–50019, டிஎஸ்சிபி 46. வீடியோ 50020–50039, டிஎஸ்சிபி 34. உங்கள் நெட்வொர்க்கைத் தாண்டி இணையத்தில் இந்த முத்திரையை யாரும் மதிப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

வைஃபையில் டபிள்யூஎம்எம் (வைஃபைக்கான முன்னுரிமை வசதி) அணைக்கலாமா? (மயிலாப்பூர்)

வேண்டாம். அணைத்தால் 54 எம்பிபிஎஸ் காலத்துக்குத் திரும்பிவிடுவீர்கள்.

500 எம்பிபிஎஸ் லைன். எஸ்க்யூஎம் போட்டதும் 200 ஆகிவிட்டது. (போரூர்)

ரௌட்டரின் பிராசசர் திணறுகிறது. எஸ்க்யூஎம் வேலை செய்ய ஹார்டுவேர் ஆஃப்லோடை (பிராசசரைத் தொடாமல் டேட்டாவைக் கடத்தும் வசதி) அணைக்க வேண்டியிருக்கும், அப்போது முழுச் சுமையும் பிராசசர் தலையில். அந்த வேகத்தில் உங்கள் லைன் நிரம்புவதே அபூர்வம் என்றால் டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடுக்கு மட்டும் போடுங்கள். மாற்றும் முன் பழைய செட்டிங்குகளைச் சேமித்துக்கொள்ளுங்கள்.