எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த பிராண்டு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் சருமம் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். முகம் முழுக்க மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, தாடை மட்டும் என்றால் கலவை. வாயைத் திறந்து சிரிக்கும்போது கன்னம் இழுத்துப் பிடித்தால் வறண்டது. சென்சிட்டிவ், அதாவது எதற்கும் சட்டென்று எரிச்சல்படுகிற தன்மை, இந்த மூன்றில் எதோடும் சேர்ந்து வரலாம். வயது, பருவநிலை, கர்ப்பம், மாத்திரைகள் எல்லாம் இதை மாற்றும். அதனால் பத்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன வகையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, எனக்கு முகத்தில் எண்ணெய் வழிகிறது. தினமும் ஐந்தாறு முறை சோப்பு போட்டுக் கழுவியும் மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. இப்போது கன்னம் எரிகிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. மாய்ஸ்சரைசர் போட்டால் பரு கூடிவிடுமோ என்று பயம்.

முதலில் சோப்பைக் கீழே வை தங்கச்சி. எண்ணெய்ச் சுரப்பி ஹார்மோன் சொல்கிறபடி நடக்கும், நீ எத்தனை தடவை கழுவினாலும் அது நிற்காது. வழித்தெடுப்பதெல்லாம் மேலே இருப்பதை மட்டும்தான்.

சுரப்பியிலிருந்து வரும் எண்ணெய் வேறு. மேல்தோல் செல்களுக்கு நடுவே நிரம்பி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கிற செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் வேறு. சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. தினமும் ஐந்தாறு முறை இப்படி அடித்தால் அந்த இரண்டாவது கொழுப்பு கரைந்து போகும். அதனால்தான் மேலே பளபளப்பு, அடியில் எரிச்சல், உரிதல். உன் முகம் இப்போது எண்ணெயும் வறட்சியும் ஒன்றாக இருக்கிற முகம்.

இரண்டு மூன்று வாரத்துக்குப் பரு கிரீம், ஸ்க்ரப், டோனர் எதுவும் வேண்டாம். காலையும் இரவும் மட்டும் சோப்பில்லாத ஃபேஸ்வாஷ், பிறகு ஜெல் போன்ற லேசான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். நடுவில் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடு, தேய்க்காதே. எரிச்சல் முழுக்க அடங்கியபின் 2 சதவீத சாலிசிலிக் அமிலத்தை வாரம் இரண்டு இரவு தொடங்கலாம். அது எண்ணெயில் கரையும், அதனால் துவாரத்துக்குள் போய் அடைப்பை இளக்கும். டப்பாவில் ‘நான்-காமிடோஜெனிக்’ (துவாரத்தை அடைக்காது) என்று இருந்தால் நல்லதுதான், ஆனால் அந்தச் சொல்லுக்குக் கட்டாய அளவுகோல் எதுவும் கிடையாது. முழுசாக நம்பிவிடாதே.

கேள்வி: எனக்கு நேரெதிர். எவ்வளவு கிரீம் பூசினாலும் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

எப்போது பூசுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். குளித்து முகம் நன்றாகக் காய்ந்தபின் பூசினால் பாதிப் பலன் போச்சு. ஈரம் லேசாக இருக்கும்போதே, ஈரத்தை இழுத்துப் பிடிக்கிற கிளிசரின் அல்லது ஹயலூரோனிக் அமிலம் உள்ளது ஒன்று, அதன் மேல் கெட்டியான கிரீம். ரொம்பவும் வெடிக்கிற இடத்தில் படுக்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகப் பூசுங்கள். முகத்துக்குச் சுடுதண்ணீர் வேண்டாம்.

கேள்வி: நாள் முழுக்க வீட்டுக்குள்தான். சன்ஸ்கிரீன் தேவையா? 30 போதுமா, 50 வேண்டுமா?

ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை என்றால் தேவை. வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபியைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்தும், யுவிஏ ஓரளவு உள்ளே வந்துவிடும். எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவில் இருக்கும் பாதுகாப்பு எண்) 30 என்பது யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணைவிட அளவுதான் முக்கியம்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும். பலர் பட்டாணி அளவு பூசிவிட்டு 50 போட்டேன் என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

கேள்வி: ரெட்டினால், வைட்டமின் சி, கிளைகாலிக் அமிலம் மூன்றும் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் போடுவது?

மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எரிந்தால் எதனால் என்றே தெரியாது. ஒன்றைத் தொடங்கி, ஒரு மாதம் ஒத்துப்போனால் அடுத்தது. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) என்றால் வாரம் இரண்டு இரவு, காய்ந்த முகத்தில், இதற்குத்தான் பட்டாணி அளவு. கர்ப்பமாக இருந்தாலோ முயன்றுகொண்டிருந்தாலோ ரெட்டினால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஆண்களுக்குத் தனி கிரீம் உண்டா?

டப்பாவின் நிறம்தான் வேறு.

கேள்வி: நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு. பரு மருந்து எதற்கும் அசையவில்லை.

பருவாகவே இல்லாமல் இருக்கலாம். மலாசீசியா என்ற ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகினால் இப்படித்தான் வரும், அரிப்பு அதற்கு முக்கிய அடையாளம். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும்.

கேள்வி: தோழி கொடுத்த கிரீம் ஒரே வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பரு கொட்டுகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது.

ட்யூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசினால் அடங்குவது, விட்டால் பொங்குவது, இரண்டும் அதன் வேலைதான். தொடர்ந்தால் தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இந்த வாரமே போங்கள். கோபத்தில் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்பதையும் அதையும் சேர்த்து அவரிடம் காட்டுங்கள். பெயர் எதுவுமே எழுதாத டப்பா என்றாலும் கொண்டுபோங்கள்.