மேயர்ஸ் மான்க்ஸும் ஃபைபர் கிளாஸ் பட்டறைகளும்: கேள்வி பதில்

ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி) ஆர்வலர்களுக்காக, கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர் கிளாஸில் கார் உடல் செய்த கலிஃபோர்னியப் பட்டறைகளைப் பற்றி, குறிப்பாக மேயர்ஸ் மான்க்ஸ் என்ற மணல்மேட்டு வண்டியைச் செய்த புரூஸ் மேயர்ஸின் பி.எஃப். மேயர்ஸ் நிறுவனத்தைப் பற்றி, வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரும்புத் தகட்டிலேயே வேலை செய்து பழகியவர்கள் ஏன் ஃபைபருக்கு மாறினார்கள்?

பழைய ஃபோர்டு உடல்கள் கிடைக்காமல் போனதுதான் முதல் காரணம். ஃபோர்டின் மாடல் டி உற்பத்தி 1927-இல் நின்றுவிட்டது. 1950-களின் பிற்பகுதியில் நார்ம் கிரபாவ்ஸ்கி மாடல் டி உடலை வைத்துச் செய்த டி-பக்கெட் வண்டி பத்திரிகையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் புகழ்பெற்று, பலரும் அதைப் போல ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கியபோது, துருப்பிடிக்காத உடல் எளிதில் அகப்படவில்லை. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் டை என்ற இரும்பு அச்சுக்குப் பெருமுதல் வேண்டும். ஃபைபருக்கு ஒரு மோல்டு (வார்ப்பு அச்சு), ரெசின் (இறுகும் பிசின்), கண்ணாடி இழை மேட் (விரிப்பு), ஒரு கொட்டகை, வேலை தெரிந்த இரண்டு கைகள் இருந்தால் போதும். எடை குறைவு என்பது பந்தயக்காரர்களுக்குக் கூடுதல் ஆதாயம்.

கேள்வி: முதல் ஃபைபர் கார் 1953-இன் ஷெவர்லே கார்வெட் தானே?

இல்லை. பில் டிரிட்டின் கிளாஸ்பார் ஜி2 அதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் ஆண்டில் 300 வண்டிகள் செய்த கார்வெட், பெரிய நிறுவனம் ஒன்று அந்தப் பொருளை நம்பி எடுத்ததற்கான அடையாளம்.

கேள்வி: மேயர்ஸ் எங்கிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தார்?

படகிலிருந்து வந்தார். ஓவியம் பயின்றவர், இரண்டாம் உலகப் போரில் பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றி, 1945 மே மாதம் அது தாக்கப்பட்டபோது உயிர் பிழைத்தவர். பின்னர் ஜென்சன் மரைன் நிறுவனத்தின் பாய்மரப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்தார். தட்டையான ஃபைபர் பலகை வளையும், அதே பலகையை இரு திசைகளிலும் வளைத்து வார்த்தால் விறைத்து நிற்கும் என்பது படகு கட்டுபவருக்குக் கைவந்த பாடம். மான்க்ஸின் சக்கர வளைவுகளைப் பாருங்கள்: பெரும்பாலும் வளைந்த பரப்புகளே. அழகும் பலமும் ஒரே கோட்டில் அமைந்த வடிவம் அது.

1964-இல் நியூபோர்ட் பீச்சில் முதல் வண்டியான 'ஓல்டு ரெட்'டை முடித்தார். முதல் 12 வண்டிகளில் உடலே சட்டகமாகவும் இருந்தது. செய்வதற்குச் செலவு மிகுந்தது. அதனால் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தைச் சுமார் 14 அங்குலம் வெட்டிக் குறைத்து, அதன்மேல் உடலைப் பொருத்தும் முறைக்கு மாறினார். 1967 ஏப்ரலில் அவரும் டெட் மாங்கெல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில் பாஹாவிலேயே நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தையும் மான்க்ஸே வென்றது. அதன்பின் ஆர்டர்கள் குவிந்தன, நகல்களும் குவிந்தன.

கேள்வி: தூத்துக்குடியில் ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கார் உடல் செய்ய அதே திறமை போதுமா?

கைவேலை அதேதான். மோல்டுக்கு மெழுகு, பிறகு ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு, பிறகு மேட்டும் ரெசினும், உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றுவது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. கதவு இடைவெளியும் போல்ட் துளையும் மட்டும் படகைவிட நுணுக்கமானவை. போல்ட் வரும் இடங்களில் கூடுதல் அடுக்கு வைக்காவிட்டால் அங்கிருந்துதான் கீறல் தொடங்கும். ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும், அதை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள். வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து முடித்துவிட்டு, அப்புறமே ஹார்டனரை எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், ஒரு துளி ஹார்டனர் பார்வையைப் பறித்துவிடும்.

கேள்வி: காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றது நியாயம் தானே? பீட்டிலை வெட்டிப் பாலைவனத்தில் ஓட்டுவது முன்பே இருந்த வழக்கம். நகல்கள் இல்லாவிட்டால் சாதாரண மக்களுக்கு இந்த வண்டி கிடைத்திருக்குமா?

இதே கருத்தைப் பலர் எழுதியிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். மணல்மேட்டில் ஓட்டும் வண்டிகள் முன்பே இருந்தன என்பது உண்மை. அவை உடலைக் கழற்றி எறிந்த எலும்புக்கூடுகள். மேயர்ஸ் கொண்டுவந்தது அந்த உடலை. காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதைச் சட்டத்தின் கணக்கில் ஏற்கலாம். பட்டறையின் கணக்கில் என்னால் ஏற்க முடியாது.

ஏனென்றால், ஃபைபர் வேலையில் மெய்யான உழைப்பு முழுவதும் பேட்டர்னில், அதாவது மோல்டு எடுப்பதற்கான மூல வடிவத்தில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் வடிவத்தைச் செதுக்கி, தேய்த்து, வெளிச்சம் ஓடும் விதத்தைப் பார்த்துத் திருத்தி, அதன்மேல்தான் மோல்டு எடுக்கிறார்கள். நகல் எடுப்பவரோ ஓர் உடலை விலைக்கு வாங்கி, மெழுகு பூசி, அதையே பேட்டர்னாக வைத்துச் சில நாட்களில் மோல்டு எடுத்துவிடுகிறார். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் நகலின் நகல் அளவில் பிசகும். விலைப் போட்டியில் அடுக்கும் மெலியும். மேயர்ஸ் செய்தவை சுமார் 6,000. நகல்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. அவருடைய நிறுவனம் 1971-இல் மூடப்பட்டது. மக்களுக்கு மலிவாகக் கிடைத்தது என்கிறீர்கள். உரிமத் தொகை கொடுத்தும் மலிவாகக் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: ஆனால் ஃபோர்டு மாடல் டி உடலையும் ஃபைபர் பட்டறைகள் நகல் தானே எடுத்தன?

எடுத்தன. நல்ல கேள்வி. ஃபோர்டு கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன உடல் அது. அதனால் ஃபோர்டின் விற்பனை ஒரு வண்டிகூடக் குறையவில்லை. அடுத்த தெருவில் இன்றைக்கு விற்றுக்கொண்டிருப்பவரின் பொருளை நகலெடுப்பது அவருடைய சோற்றில் கைவைப்பது.

கேள்வி: மான்க்ஸ் மொத்தம் எத்தனை செய்தார்கள்?

மேலே இருக்கிறது.

கேள்வி: ஃபைபர் என்றால் பிளாஸ்டிக் தானே, உடைந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். பாஹா பந்தயத்தைப் பற்றிய பகுதியைப் படியுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி ஒரு வண்டி செய்து பதிவு செய்ய முடியுமா?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பீட்டிலை வெட்டுவதற்கு முன் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: நண்பரின் பம்பரிலிருந்து மோல்டு எடுத்து விற்கலாமா?

உங்கள் சொந்த வண்டியில் உடைந்த ஒன்றுக்கு மாற்றாகச் செய்துகொள்ளுங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் சொந்தப் பேட்டர்ன் செய்யுங்கள்.

கேள்வி: ஓல்டு ரெட் இப்போது என்ன ஆனது?

அழியவில்லை. 2014-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஷெல்பி டேடோனா கூப்பே என்ற பந்தயக் காருக்கு அடுத்து, இரண்டாவதாக இடம்பெற்றது. மேயர்ஸ் தம் நிறுவனத்தைப் புதியவர்களிடம் ஒப்படைத்த சில மாதங்களில், 2021 பிப்ரவரியில், 94 வயதில் காலமானார்.