அறுவைக்குப் பிறகு மொக்கை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குப் பாடம் மொக்கை, படம் மொக்கை, நான் வைக்கும் சாம்பாரும் மொக்கை. அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தையை ஊர் முழுக்கப் பேசித் தமிழைக் கெடுக்கிறார்களே, நீங்களாவது கண்டிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அர்த்தமே இல்லையா? நாலைந்து இருக்கிறது, ஐயா. முதல் அர்த்தம் உங்கள் வீட்டு அரிவாள்மனையிலேயே கிடைக்கும். சாணை பிடித்து நாளாகிவிட்டால் தக்காளி நறுக்குப்படாது, நசுங்கிச் சாறாக ஓடும். 'மனை மொக்கையாயிடுச்சு' என்போம். முனை தேய்ந்த பென்சிலும் மொக்கைதான். கூர் மழுங்கல் என்ற இந்தப் பொருளோடு, 1936-லேயே முடிந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஏறிவிட்ட சொல் அது. வெட்டாத கத்திக்கு இருந்த பெயர் சிரிப்பு வராத ஜோக்குக்குப் போனதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

அப்புறம், பின்னால் வரும் வினையைக் கவனியுங்கள். 'மொக்கை போட்டான்' என்றால் குற்றம் பேசியவன் மேல்; கேட்டவன் பாவம். 'மொக்கை வாங்கினான்' என்றால் வாயைக் கொடுத்து மூக்குடைபட்டவன். 'மொக்கை பண்ணிட்டாங்க' என்றால் நாலு பேர் நடுவில் மானம் போயிற்று. ஒருவருடைய முகத்தைப் பார்த்து 'மொக்கை' என்பார்கள் பாருங்கள், அதை வேண்டுமானால் நானும் கண்டிக்கிறேன்.

மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே மொக்கை என்றால் பருமன், பெரிசு. மொக்கச்சாமி, மொக்கராசு என்று பிள்ளைக்குப் பெயரே வைப்பார்கள். அதில் கேலி துளியும் கிடையாது. அந்தப் பெயரோடு சென்னை விடுதிக்கு வந்து சேரும் பையன் பாடுதான் திண்டாட்டம்.

அது சரி, உங்கள் காலத்தில் வகுப்பில் தூக்கம் வரவழைத்த வாத்தியாரை என்ன சொன்னீர்கள்? அறுவை. அது போதாமல் ரம்பம், பிளேடு. ஜோக் சரியில்லை என்றால் கடி. எல்லாம் கூரான சாமான்கள், பல் உட்பட! அத்தனை பேரையும் அறுத்துத் தீர்த்த கத்திதான் மழுங்கிப்போய் உங்கள் மகன் கைக்கு வந்திருக்கிறது. கண்டிப்பதென்றால் உங்களிடமிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

சாம்பார் விஷயம் தனி. அன்றைக்குப் பெருங்காயம் போட்டீர்களா?