அண்டார்க்டிகா கப்பல் பயணம்: கேபினைப் பார்க்காதீர்கள், ஆள் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 67. அடுத்த பருவத்தில் அண்டார்க்டிகா போக விரும்புகிறோம். பெரிய கப்பலில் பால்கனி அறையும், சிறிய கப்பலில் சாதாரண அறையும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை எடுப்பது? அவருக்கு முழங்கால் வலி உண்டு. கடல் குமட்டலை நினைத்தும் பயமாக இருக்கிறது.

பதில்: சிறிய கப்பலை எடுங்கள். அண்டார்க்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் யாரையும் இறக்கவே முடியாது. 100 பேருக்குள் இருந்தால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம், இரண்டு மூன்று மணி நேரம் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிவிட்டு மாறிக்கொள்வார்கள். இதுவும் நல்ல ஏற்பாடுதான். 400 பேர் என்றால் முறைவைத்து இறங்க வேண்டியிருக்கும், ஒவ்வொருவருக்கும் கரையில் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும். அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவிலிருந்து கிளம்பும் பத்துப் பதினோரு நாள் பயணத்தில் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் கடல்வழியைக் கடந்து திரும்பவே ஏறக்குறைய நான்கு நாள் போய்விடுகிறது. மிஞ்சுவது ஐந்தாறு நாள். உங்கள் பணம் அந்த நாட்களுக்குத்தான். ஆகவே முன்பதிவுக்கு முன் நிறுவனத்திடம், "மொத்தப் பயணிகள் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்குவோம்?" என்று எழுதிக் கேளுங்கள்.

அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது பால்கனியைவிட முக்கியம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. மேல்தளத்தின் முன்கோடியில்தான் மிக அதிகம்.

கப்பல்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பும். உஷுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாய்க்குள் கடல் அமைதியாக இருப்பதால், "நமக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மாத்திரை போடாமல் படுத்துவிடுவார்கள். நள்ளிரவை ஒட்டித் திறந்த கடல் வந்ததும் குமட்டல் தொடங்கும். அப்போது விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. எனவே மருந்து எதுவானாலும் கால்வாய்க்குள் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையை நான்கு மணி நேரம் முன்பாகவே ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுபவர்களுக்கும் இந்தப் பட்டை ஆகாது. வயதானவர்களுக்குச் சில நேரம் மனக்குழப்பத்தையும் தரும். உங்கள் கணவர் மருத்துவரைக் கேட்டு, வீட்டிலேயே ஒருமுறை ஒட்டிப் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

இனி முழங்கால். கரையில் நடப்பதைவிட, ஏறி இறங்குவதில்தான் சிரமம். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கினால், சோடியாக் என்கிற ரப்பர் படகு அலையில் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைத்தடியையும் கேமராவையும் முதலிலேயே ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். ஊழியரின் விரல்களைப் பிடிக்காமல் முன்கையோடு முன்கை பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். ஊழியர் சொன்ன பிறகே காலை எடுத்துவைக்க வேண்டும். படகின் காற்றுக்குழாய் மீது ஒரு கால், பிறகு தரை, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். படகுக்குள் இடம் மாறவும் எழ வேண்டாம், உட்கார்ந்தபடியே நகருங்கள். கரையில் கால்களை வெளிப்புறமாகத் திருப்பிக் கெண்டைக்கால் அளவு நீரில் இறங்க வேண்டியிருக்கும். அதனால் நீர்புகாத மேல்கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் அலை அடிக்கும்போது பூட்ஸ் நிரம்பிவிடும்.

இப்போதே வீட்டில் சோதித்துப் பாருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? 40 செ.மீ. உயரப் படியில் ஒருவர் கையை மட்டும் பிடித்து ஏறி இறங்க முடிகிறதா? முடிந்தால் பயமில்லை. முடியாவிட்டால் கிளம்பும் நாள் வரை பிசியோதெரபிஸ்டிடம் தொடைத்தசைப் பயிற்சி எடுக்கட்டும்.

கரையில் பெங்குயின்களிடமிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பனியில் அவை நடந்து நடந்து பதித்த தடத்தை மறிக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து தரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையை வைக்கவோ அனுமதியில்லை. முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய விஷயம்: களைத்தால் உட்கார முடியாது, திரும்பும் படகில் ஏறி உட்காருவதுதான் வழி. ஊன்றுகோல் தேவை என்பதைக் கப்பலில் ஏறிய அன்றே சொல்லிவையுங்கள். அதன் முனையையும், பூட்ஸ் அடிப்பள்ளங்களையும், ஆடையின் ஒட்டுப்பட்டைகளையும் (வெல்க்ரோ) விதை, மண் ஒட்டாமல் சுத்தம் செய்த பிறகே இறங்க விடுவார்கள். புதிய உடையானால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

மாதத்தைப் பொறுத்தவரை, நவம்பரில் பனி கறைபடாமல் இருக்கும். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை ஜென்டூ வகைப் பெங்குயின் குஞ்சுகளைப் பார்க்கலாம். திமிங்கலங்களுக்குப் பிப்ரவரி, மார்ச். முழங்காலை நினைத்தால் ஜனவரிக்குப் பிறகு போவதே மேல். கணுக்கால் புதையும் பனி குறைந்திருக்கும்.

உஷுவாயாவுக்கு ஒரு நாளாவது முன்பே போய்விடுங்கள், இரண்டு நாள் இன்னும் நல்லது. பியூனஸ் அயர்ஸில் விமான நிலையம் மாற வேண்டியிருக்கலாம். பெட்டி தவறினாலோ விமானம் தாமதித்தாலோ கப்பல் காத்திருக்காது. காப்பீட்டில் அண்டார்க்டிகாவிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசி வாசகத்தைப் படித்துப் பாருங்கள். மருத்துவப் படிவத்தில் முழங்கால் வலியை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எழுதியிருந்தால், படகில் இறங்கும்போது அவருக்குக் கைகொடுக்க ஊழியர்கள் முன்கூட்டியே தயாராக இருப்பார்கள்.