யார் பெரியவர்? என்.எஃப்.எல். கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார்? கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் ஆடியவர், எந்தக் காலத்தில் ஆடியவர் என்று சொல்லாமல் கேட்டால் பதில் வராது. தன் காலத்தில் அதே வேலையைச் செய்த மற்றவர்களைவிட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார் என்பதுதான் நான் பார்க்கிற அளவு.

கேள்வி: டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். லீகின் இறுதிப் போட்டி) ஜெயித்திருக்கிறார். எந்த அணியிடமும் அத்தனை கோப்பை இல்லை. அப்புறம் என்ன விவாதம்? (நியூ ஜெர்சி)

குவாட்டர்பேக்குகளுக்குள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) என்றால் விவாதமே இல்லை, பிரேடிதான். அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2000 டிராஃப்ட்டில் 199ஆவதாக எடுக்கப்பட்டவர் 23 சீசன் ஆடி, 89 ஆயிரம் யார்டு (பாஸால் அணி முன்னேறிய தூரம்), 649 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) பாஸ் எறிந்து முடித்தார். உங்கள் முடிவு சரி, காரணம்தான் தப்பு. கோப்பை அணிக்குக் கொடுப்பது.

2001 சீசனின் சூப்பர் பவுலில் ராம்ஸுக்கு எதிராகப் பிரேடி எறிந்தது 145 யார்டு. அன்று தாங்கிப் பிடித்தது அவர் அணியின் டிஃபென்ஸ், எதிரணியைத் தடுக்கும் பிரிவு. கடைசி உதையில் கிக்கர் வினாட்டியேரி 48 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடிக்க 20-17 என்று ஜெயித்தார்கள். 2017 சீசனில் ஈகிள்ஸுக்கு எதிராக அதே மனிதர் 505 யார்டு எறிந்தார். அவர் அணி அன்று ஒரு தடவைகூட பன்ட் செய்யவில்லை, அதாவது முன்னேற முடியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கவில்லை. ஆனால் 41-33 என்று தோற்றது. எந்த நாளில் அவர் நன்றாக ஆடினார் என்று நீங்களே சொல்லுங்கள். முதல் நாளுக்கு, ஜெயித்த அணிக்குத் தரும் மோதிரம் உண்டு, இரண்டாவது நாளுக்கு இல்லை. அதனால்தான் மோதிரத்தை எண்ணாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய குவாட்டர்பேக் ஓட்டோ கிரேயமை எப்படி விட்டீர்கள்? 1946 முதல் 1955 வரை பத்து சீசன், பத்திலும் இறுதிப் போட்டி, ஏழு பட்டம். உங்கள் கடிதத்தில் அவர் பெயரே இல்லை.

கேள்வி: ஜோ மொன்டானா நாலு சூப்பர் பவுல் ஆடி நாலும் ஜெயித்தார். பிரேடி மூன்றில் தோற்றார். தோற்காதவர்தானே பெரியவர்?

இல்லை. 1985, 1986, 1987 மூன்று சீசனிலும் மொன்டானாவின் அணி முதல் ப்ளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்திலேயே வெளியேறியது. முதல் சுற்றில் தோற்றால் குறை இல்லை, இறுதி வரை வந்து தோற்றால் குறை என்பது என்ன கணக்கு? நாலு சூப்பர் பவுலிலும் சேர்த்து 11 டச்டவுன் எறிந்தார், ஒரு இண்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) இல்லை. அதை வைத்து வாதாடுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

கேள்வி: ஓட்டத்தில் எம்மிட் ஸ்மித் 18,355 யார்டு. அவருக்கு ரொம்பக் கீழே இருக்கும் ஜிம் பிரவுனை முதலில் வைப்பது வெறும் பழைய பாசம் இல்லையா? (டல்லாஸ்)

மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை சீசன், எத்தனை ஆட்டம், எத்தனை தடவை பந்தைச் சுமந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இப்படி அனுப்பாதீர்கள்.

ஸ்மித் 15 சீசனில் 4,400 தடவை ஓடினார், சராசரி 4.2 யார்டு. பிரவுன் ஆடியது 9 சீசன், 118 ஆட்டம். அதில் 12,300 யார்டு, சராசரி 5.2. அவருடைய முதல் நாலு சீசனில் வருடத்துக்கு 12 ஆட்டம்தான், பிறகு 14. சீசனுக்கு 16 ஆட்டம் வந்தது 1978இல், 17 வந்தது 2021இல். மொத்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிரவுன் ஒன்பதில் எட்டு சீசன் ஓட்டத்தில் லீகிலேயே முதலில் வந்தார். ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. முப்பது வயதில், யாரும் போகச் சொல்லாதபோது போனார். அவர் காலத்தில் அவருக்குப் பக்கத்தில் வேறு ஆள் நிற்கவில்லை. ஸ்மித்தை நான் குறைத்துப் பேசவில்லை. 15 வருடம் அந்த அடியை உடம்பில் வாங்கி எழுந்தது பெரிய காரியம். ஆனால் சராசரி 5 யார்டோடு பத்தே சீசனில் 15 ஆயிரத்தைத் தாண்டி நிறுத்திய பேரி சாண்டர்ஸ்கூட என் வரிசையில் ஸ்மித்துக்கு முன்னால்தான். டல்லாஸில் எதிராளிகளைத் தடுத்து ஸ்மித்துக்கு வழி திறந்துவிட்ட லைன் (முன்வரிசை) மாதிரி ஒன்று டெட்ராய்ட்டில் சாண்டர்ஸுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: சாக் (பந்தை எறியுமுன் குவாட்டர்பேக்கைச் சாய்ப்பது) கணக்கில் 200 எடுத்து முதலில் இருப்பவர் புரூஸ் ஸ்மித். அவர்தானே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்?

சாக் அதிகாரப்பூர்வமாக எண்ணப்பட்டது 1982இலிருந்து. ‘சாக்’ என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்த டீக்கன் ஜோன்ஸுக்கு அந்தக் கணக்கில் ஒன்றுகூடக் கிடையாது. லாரன்ஸ் டெய்லரின் முதல் சீசனும் 1981 என்பதால் சேரவில்லை. ரெஜி வைட் 198 எடுத்தது புரூஸ் ஸ்மித்தைவிட 47 ஆட்டம் குறைவாக ஆடி. எந்தக் காலம் என்று பார்த்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: உங்கள் பட்டியலில் மட்டும் ஆஃபென்சிவ் லைன் ஆட்கள் இத்தனை பேர் ஏன்? பந்தைத் தொடாதவர் எப்படிப் பெரிய ஆட்டக்காரர் ஆவார்? (சென்னை)

‘பந்தைத் தொடாதவர்’ என்று எழுதிவிட்டீர்கள். இந்தப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலே குவாட்டர்பேக், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), நடுவில் ஒன்றிரண்டு டிஃபென்ஸ் பெயர். களத்தில் இறங்கும் பதினோரு பேரில் ஐந்து பேர் குவாட்டர்பேக்கையும் ஓட்டக்காரரையும் காக்க லைனில் நிற்கிறவர்கள். அவர்களுக்கு யார்டு கிடையாது, டச்டவுன் கிடையாது. எண்ண ஒன்றும் இல்லாததால் ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கேமராவும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. தப்பு என்று நடுவர் கொடி விழும்போதுதான் அவர்களுடைய சட்டை எண்ணைச் சொல்கிறார்கள்.

கிளீவ்லாந்து பிரவுன்ஸின் பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு 73ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸ். ஸ்னாப் ஆனதும் (பந்து ஆட்டத்துக்கு வந்ததும்) இடது கால் பின்னால் போகும், வலது கால் தரையை உரசியபடி கூடவே போகும். 140 கிலோ உடம்பு, முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே. எதிரே 120 கிலோ ஆள் முழு வேகத்தில் வருகிறான். தாமஸ் அவன் மேல் பாய மாட்டார், வரட்டும் என்று நிற்பார். அவன் கையை நீட்டுகிற நேரத்தில் இவர் கை அவன் நெஞ்சுக்குப் போயிருக்கும். மூன்று நொடி. அதற்குள் பந்து போய்விட்டது. தாமஸ் திரும்பி, அடுத்த திட்டம் பேச அணி கூடும் ஹடிலுக்கு நடப்பார். டி.வி.யில் எல்லாரும் பந்தைப் பிடித்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2007இல் வந்ததிலிருந்து ஒரு ஸ்னாப்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஆடினார். 2017இல் கையின் பின்தசை கிழிந்தபோதுதான் வெளியே போனார். முதல் பத்து சீசனும் ப்ரோ பவுல் (அந்த வருடத்துச் சிறந்தவர்களின் அணி) தேர்வு. அந்தப் பதினோரு வருடத்தில் அவருடைய அணி ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய கடைசி சீசனில் 0-16, ஒரு ஜெயம்கூட இல்லை. மோதிரத்தை எண்ணுகிறவர்களிடம் கேட்கிறேன்: இவரை எங்கே வைப்பீர்கள்? பக்கத்தில் ஜெயிக்கிற அணி இல்லாதது இவர் குற்றமா? 2023இல் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபம்) இவரைத் தகுதி பெற்ற முதல் வருடமே சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டாமா?

சியாட்டிலின் வால்டர் ஜோன்ஸையும் பாருங்கள். சுமார் 5,700 பாஸ் முயற்சிகளில் அவர் விட்டுக்கொடுத்த சாக் 23, எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கான ஹோல்டிங் கொடி 9. அவருடைய பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன் முன்பு மொன்டானாவோடும் பிரெட் ஃபாவ்ரோடும் வேலை செய்தவர். தான் பயிற்சி கொடுத்த ஆஃபென்ஸ் ஆட்களிலேயே சிறந்தவர் ஜோன்ஸ்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்சினாட்டியின் ஆன்டனி முன்யோஸ் 11 ப்ரோ பவுல். தன் இடத்தில், தன் காலத்தில் இவர்கள் நின்ற உயரத்தில் எத்தனை குவாட்டர்பேக் நின்றிருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த மூவரையும் என் முதல் 25இலிருந்து யாரும் எடுக்க முடியாது.

கேள்வி: 1930, 40களில் ஆடியவர்களை இன்றைய ஆட்டக்காரர்களோடு சேர்த்து வரிசைப்படுத்துவது நியாயமா?

நல்ல கேள்வி, காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கிரீன் பேயின் டான் ஹட்சன் 1942இல் 11 ஆட்டத்தில் 74 பாஸ் பிடித்தார். அந்த வருடம் அடுத்த இடத்தில் இருந்தவர் 30ஐக்கூட எட்டவில்லை. அவருடைய மொத்தம் 99 டச்டவுன் பாஸ் என்ற கணக்கைத் தாண்ட ஸ்டீவ் லார்ஜென்ட் வர வேண்டியிருந்தது, 1989இல். தன் காலத்தில் இவ்வளவு தூரம் முன்னால் நின்ற ரிசீவர் வேறு கிடையாது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். அணிகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை. அவர் ஜெயித்தது பாதி கதவு மூடிய களத்தில். அது அவர் போட்ட பூட்டு இல்லைதான், ஆனால் வரிசை போடுகிறவர் அதை மறைக்கக் கூடாது. 1946இல் ராம்ஸில் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் வந்தார்கள். வாஷிங்டனின் நல்ல வயது அதற்குள் போய்விட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த வருடங்களையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறேன். ஹட்சனை முதல் பத்தில் வைக்கிறேன், முதல் மூன்றில் வைக்கவில்லை.

கேள்வி: எம்.வி.பி. (வருடத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதை எண்ணி வரிசைப்படுத்தினால் என்ன?

வேண்டாம். அசோசியேட்டட் பிரஸ் தரும் எம்.வி.பி. இதுவரை ஒரு ரிசீவருக்குக்கூடக் கிடைத்ததில்லை, ஆஃபென்சிவ் லைன் ஆளுக்கும் கிடைத்ததில்லை. 1982இல் கிக்கர் மார்க் மோஸ்லிக்குக் கொடுத்தார்கள். 1987இல் வேலைநிறுத்தத்தால் 12 ஆட்டம் மட்டுமே ஆடிய ஜெர்ரி ரைஸ் 22 டச்டவுன் பிடித்தார். விருது ஜான் எல்வேக்குப் போனது. டிஃபென்ஸில் இருவர்தான்: 1971இல் ஆலன் பேஜ், 1986இல் லாரன்ஸ் டெய்லர். விருது கொடுக்கிறவர்கள் பந்தைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஓ.ஜே. சிம்ப்சனை வரிசையில் வைப்பீர்களா?

1973இல் 14 ஆட்டத்தில் 2,003 யார்டு, ஆட்டத்துக்கு 143. அந்தக் கணக்கை அழிக்க முடியாது, ஓட்டக்காரர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கும். ஆனால் அந்தக் கொலை வழக்கும் நினைவில் இருக்கிறது. கொண்டாடி எழுதச் சொல்லாதீர்கள், எழுத மாட்டேன்.

கேள்வி: பன்ட் அடிப்பவருக்கு இடம் உண்டா?

ரே கை ஒருவருக்கு உண்டு, முதல் நூறுக்குள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் சார். (டொராண்டோ)

ஜெர்ரி ரைஸ். காரணமும் சொல்கிறேன். அவர் பிடித்தது 22,895 யார்டு. இரண்டாவது இடத்தில் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, 17,492. நடுவில் இருக்கும் 5,400 யார்டை மட்டும் எடுத்தவர்கள்கூட நல்ல ரிசீவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். 208 டச்டவுன். மொன்டானா எறிந்தபோதும் பிடித்தார், ஸ்டீவ் யங் எறிந்தபோதும் பிடித்தார், ஓக்லாந்து போய் ரிச் கேனன் எறிந்தபோதும் பிடித்தார். அதனால் நல்ல குவாட்டர்பேக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது.

2002இல், சீசன் நடுவே நாற்பது வயது முடிந்தபோதும் 1,211 யார்டு எடுத்தார். இளவயதிலிருந்து ஆஃப் சீசனில் கலிஃபோர்னியாவில் சான் கார்லோஸ் பக்கம் ஒரு மலைப்பாதையில் ஏறி ஓடுவார், சுமார் நாலு கிலோமீட்டர். கூட ஓட வந்த இளைஞர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள் என்பது அவர் அணியில் எல்லாரும் சொன்ன கதை. அவருக்கு அடுத்து ஜிம் பிரவுன், பிறகு லாரன்ஸ் டெய்லர். நாலாவது பிரேடி. முதல் கேள்வி கேட்ட நியூ ஜெர்சிக்காரருக்கு வருத்தம் இருக்கும், ஆனால் எந்த இடம் என்று அவர் சொல்லவில்லையே.

கேள்வி: பேட்ரிக் மஹோம்ஸ் எத்தனையாவது?

ஆடிக்கொண்டிருக்கிறவரை நான் வரிசையில் சேர்ப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஹால் ஆஃப் ஃபேமே ஐந்து வருடம் காத்திருக்கிறது. அப்போது கேளுங்கள்.